ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கமும் மாதிரிச் சட்டமும்

சிங்கப்பூர்த் தேக்காவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் திருப்பூரிலிருந்து பனியன் வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலை, எண்ணிக்கை, எந்தக் கப்பல் என்று ஒரு வாரம் பேசி முடிக்கிறார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் மன்றம் மூலம் தீர்த்துக்கொள்ளப்படும் என்று ஒரு வரி இருக்கும். நீதிமன்றத்துக்குப் போகாமல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதுதான் நடுவர் மன்றம். கையெழுத்துப் போடும் அவசரத்தில் அந்த வரியை யாரும் படிப்பதில்லை. சாயம் போன சரக்கு வந்து இறங்கும் அன்றைக்குத்தான் அந்த வரியைத் தேடுவார்கள்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் 36 பிரிவுகள் கொண்ட ஒரு மாதிரிச் சட்டம் நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மாதிரிச் சட்டம் என்பது தனியாக யாரையும் கட்டுப்படுத்தாது. தையல்காரரிடம் அளவுச் சட்டை கொடுக்கிறோமே, அதைப் போன்றது. அதை வைத்துத் தைக்கலாம், கையை மட்டும் கொஞ்சம் நீட்டச் சொல்லலாம், பையை எடுத்துவிடச் சொல்லலாம். ஒரு சட்டமன்றம் அதை நிறைவேற்றிய பிறகுதான் அது சட்டம்.

மாநிலங்கள் உள்ள நாடுகளுக்கு இது பழைய பழக்கம். அமெரிக்காவில் மாநிலங்களுக்குள் ஒரே மாதிரியான சட்டம் வரவேண்டும் என்பதற்காகவே 1892 முதல் ஓர் ஆணையம் வரைவுகள் எழுதிக் கொடுத்துவருகிறது. மலேசியா வேறு வழியில் போனது. மாநிலச் சட்டங்களை ஒரே சீராக்க மத்திய நாடாளுமன்றமே சட்டம் இயற்றலாம் என்கிறது அதன் அரசமைப்பின் 76-ஆம் பிரிவு. பொதுவாக அந்தச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றமும் ஏற்க வேண்டும். நில விவகாரத்துக்கு மட்டும் அந்த ஒப்புதல்கூடத் தேவையில்லை. 1965-ன் தேசிய நிலச் சட்டம் அப்படி வந்ததுதான். ஜோகூரில் வீடு வாங்கியவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்தியாவில் 2021-ல் மத்திய அமைச்சரவை ஒரு மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் 2 மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அது. ஆனால் தமிழ்நாட்டுக்கு 2017-லேயே சொந்தச் சட்டம் இருக்கிறது. அதில் ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால் 3 மாதம். சென்னையில் ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சிங்கப்பூர்க்காரர்கள் டெல்லிச் செய்தியைப் படித்துவிட்டு, சென்னையிலும் அதுதான் சட்டம் என்று நினைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். மாதிரி வேறு, மாநிலம் நிறைவேற்றியது வேறு.

சிங்கப்பூருக்கு மாநிலமே கிடையாது. 1963 முதல் 1965 வரை நாமே ஒரு மாநிலமாக இருந்ததோடு சரி. நமக்குப் பக்கத்து மாநிலம் என்பது உலகம்தான். வாங்குவது ஒரு நாட்டில், விற்பது இன்னொரு நாட்டில், கப்பல் மூன்றாவது நாட்டுக் கொடியில். ஒவ்வோர் இடத்திலும் சட்டம் வேறாக இருந்தால் வக்கீல் செலவே லாபத்தைத் தின்றுவிடும். இதனால்தான் ஐக்கிய நாடுகள் சபை 1966-ல் அமைத்த அனைத்துலக வர்த்தகச் சட்ட ஆணையத்தின் மாதிரிகளைச் சிங்கப்பூர் வரிசையாக எடுத்துக்கொண்டது. வியன்னாவில் செயலகம் வைத்திருக்கும் அந்த ஆணையத்தை அன்சிட்ரல் என்பார்கள்.

முதல் பெரிய துண்டு நடுவர் மன்றம். அன்சிட்ரல் 1985-ல் வெளியிட்ட மாதிரியை 1994-ன் அனைத்துலக நடுவர் மன்றச் சட்டம் பின்னிணைப்பாகவே வைத்து, இதற்குச் சட்ட பலம் உண்டு என்று அறிவித்தது. 90-க்கும் மேற்பட்ட நாடுகள் இதே மாதிரியை ஒட்டிச் சட்டம் வைத்திருக்கின்றன. இந்தியாவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே அளவுச் சட்டையில் தைத்ததுதான்.

நம் துணிக்கடைக்காரருக்கு இதனால் என்ன? திருப்பூர்க்காரர் திடீரென்று சிங்கப்பூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், கடைக்காரர் நடுவர் மன்ற வரியைக் காட்டி வழக்கை நிறுத்தி வைக்கக் கேட்கலாம். நீதிமன்றம் நிறுத்தியாக வேண்டும். ஆனால் எதிர்வாதம் தாக்கல் செய்வதற்கு முன்பே கேட்க வேண்டும். முதலில் பதில் சொல்லிவிட்டு அப்புறம் ஞாபகம் வந்தது என்றால் பயன் இல்லை. தீர்ப்பு வந்த பிறகு, நடுவர் சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று மேல்முறையீடு செய்ய முடியாது. நடைமுறைக் கோளாறு, அதிகாரம் மீறியது, மோசடி போன்ற சில காரணங்களுக்காகத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம், அவ்வளவுதான். அதற்கும் தீர்ப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து 3 மாதம். அந்தக் கெடுவை நீட்டித்துத் தரச் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் மறுத்திருக்கின்றன.

இங்கேதான் தையல் வித்தியாசம் தெரிகிறது. இந்தியச் சட்டமும் 3 மாதம் என்றே சொல்கிறது, ஆனால் தக்க காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் தரலாம் என்று சேர்த்துக்கொண்டது. ‘பொதுக் கொள்கைக்கு விரோதம்’, அதாவது தீர்ப்பு நாட்டின் அடிப்படை நெறிகளுக்கு முரணானது என்ற காரணம் இரண்டு நாட்டிலும் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 2003-ல் அதை மிகவும் அகலமாக்கியது. 2015-ல் சட்டத் திருத்தம் வந்து அதைச் சுருக்கியது. சிங்கப்பூரும் சும்மா இல்லை. மோசடியையும் இயற்கை நீதி மீறலையும் (ஒரு தரப்புக்கு நியாயமாகப் பேச வாய்ப்புத் தராதது போன்றவை) தனிக் காரணங்களாகச் சேர்த்தது. மாதிரியின் கடைசி அத்தியாயத்தைக் கழற்றிவிட்டு, வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்கு 1958-ன் நியூயார்க் உடன்படிக்கையை வைத்துக்கொண்டது. ஒரு நாட்டு நடுவர் தீர்ப்பை இன்னொரு நாடு ஏற்று நிறைவேற்ற வகைசெய்யும் உடன்படிக்கை அது. சிங்கப்பூரில் ஜெயித்த கடைக்காரர் திருப்பூர்ச் சொத்தைப் பிடிக்க இந்திய உயர் நீதிமன்றத்துக்குப் போக முடிவதும் அந்த உடன்படிக்கையால்தான். மாதிரிச் சட்டம் மட்டும் இருந்தால் அது நடக்காது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடுவர் மன்றத்தின் இருக்கை சிங்கப்பூர் என்றால் விசாரணை சிங்கப்பூரில்தான் நடக்க வேண்டும் என்று பொருளல்ல. சென்னை ஹோட்டலில் நடத்தலாம், ஸூமில் நடத்தலாம். எந்த நாட்டு நீதிமன்றம் மேற்பார்வை செய்யும் என்பதைத்தான் அந்தச் சொல் தீர்மானிக்கிறது. செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்ற நிலையத்தின் 2025 ஜனவரி முதலான விதிகளில் 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படாத தகராறுகளுக்கு ஒரு சுருக்க நடைமுறை இருக்கிறது. சிறு வியாபாரிகளுக்கு இதுதான் உருப்படியான செய்தி என்று நினைக்கிறேன்.

அடுத்தது மின்னணுப் பரிவர்த்தனை. அன்சிட்ரலின் 1996 மாதிரியை ஒட்டி 1998-லேயே சிங்கப்பூர் சட்டம் போட்டது. மின்னஞ்சலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. உயிலும் வீடு, நிலம் விற்கும் ஒப்பந்தமும் விலக்குப் பட்டியலில் இருப்பதால், அந்தச் சட்டத்தை நம்பி வாட்ஸ்அப்பில் உயில் எழுதிவிடாதீர்கள்.

2021 மார்ச்சில் வந்த திருத்தம் கப்பல் தொழிலுக்கு முக்கியமானது. சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங் என்ற காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் சரக்கு. சில சமயம் கப்பல் வந்துவிடும், காகிதம் வங்கிக்கும் கூரியருக்கும் இடையில் எங்கோ கிடக்கும். மின்னணுக் கோப்பை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் ‘கையில் இருப்பது’ என்பதற்கே அதில் அர்த்தமில்லாமல் இருந்தது. கோப்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே கையில் வைத்திருப்பதற்குச் சமம் என்று அன்சிட்ரலின் 2017 மாதிரிச் சட்டம் தீர்த்து வைத்தது, சிங்கப்பூர் அதை ஏற்றது. சரக்கு போய் இறங்கும் நாடும் ஏற்றால்தான் முழுப் பலன் கிடைக்கும். பிரிட்டன் 2023-ல் இதே நோக்கத்தோடு தனிச் சட்டம் கொண்டுவந்தது.

திவால் விஷயத்திலும் ஒரு மாதிரி உண்டு, 1997-ல் வந்தது. சிங்கப்பூர் 2017-ல் எடுத்துக்கொண்டது. வெளிநாட்டில் நொடித்துப்போன நிறுவனத்தின் திவாலைக் கவனிக்க நியமிக்கப்பட்ட நிர்வாகி இங்கே வந்து, அந்தத் திவால் நடவடிக்கைக்கு அங்கீகாரம் கேட்கலாம். இந்தியா 2016-ல் கொண்டுவந்த திவால் சட்டத்தில் இந்த மாதிரி இடம்பெறவில்லை. கடன் கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல் நிற்பவர்களுக்கு அந்த வித்தியாசம் கசப்பாகத்தான் இருக்கும்.

சரி, கடைசிப் பக்கத்துக்கே திரும்புவோம். இருக்கை எந்த நாடு, எந்த நாட்டுச் சட்டம், எத்தனை நடுவர், எந்த மொழி என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முகவரி. நடுவர் மன்ற மாதிரிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, உங்கள் இடத்தை விசாரித்தும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினாலே கடிதம் கிடைத்ததாகக் கணக்கு. கடையை மாற்றி இரண்டு வருடமாகியும் ஒப்பந்தத்தில் பழைய முகவரியே இருந்தால், இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு மாற்றிவிடுங்கள்.