கர்ப்பகாலப் பரிசோதனையில் கணவரின் வன்முறை பற்றிய கேள்வி: பரிந்துரை சொல்வது என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளில், இரத்தசோகைக்கான சோதனை, ஸ்கேன் போன்றவற்றோடு, கணவரோ துணைவரோ செய்யும் வன்முறையைப் பற்றிக் கர்ப்பிணியிடம் கேட்டறிவதும் இடம்பெற்றுள்ளது. மருத்துவத்துக்குத் தொடர்பில்லாத குடும்ப விவகாரம் இது என்று பலர் நினைக்கலாம். அந்த எண்ணம் தவறு.

வயிற்றில் அடிபடும்போது, பிரசவத்துக்கு முன்பே நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்துவிடக்கூடும். அப்போது ஏற்படும் இரத்தப்போக்கு சில சமயம் வெளியே தெரியாமல் உள்ளேயே தேங்குவதால், காயம் எதுவும் இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிடுவது தாய்க்கும் சிசுவுக்கும் உயிராபத்தாக முடியலாம். தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவ் வகையாக இருந்தால், சிசுவின் இரத்தம் அவரது உடலில் கலந்திருக்க வாய்ப்புள்ளதால், அதற்கு எதிரான எதிர்ப்பொருள் தாயின் உடலில் உருவாகாமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசி தேவைப்படலாம். கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றுக்கும் இவ்வன்முறைக்கும் தொடர்பு கண்டறியப்பட்டுள்ளது. அடி விழாத வீட்டிலும் மிரட்டல், பணம் தர மறுத்தல், வெளியே செல்லத் தடை போன்றவற்றால் பரிசோதனை தள்ளிப்போகிறது, உறக்கம் கெடுகிறது, மனச்சோர்வு கூடுகிறது. துணைவரின் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுதல் என்றும், மனச்சோர்வு ஏறத்தாழ இரு மடங்கு என்றும் இதே நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

எனினும், எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்று பரிந்துரை சொல்லவில்லை. கேட்பவருக்குப் பயிற்சி, தனியிடம், இரகசியத்துக்கு உறுதி, மேல் உதவிக்கு அனுப்பும் ஏற்பாடு ஆகியவை இருந்தால் மட்டுமே கேட்கலாம். என் பார்வையில் இதன் உயிர்நாடியே இந்த நிபந்தனைகள்தான். ஏனெனில், கணவரோ மாமியாரோ அருகில் இருக்கும்போது கேட்கப்படும் ஒரு கேள்வி, அன்றிரவே அந்தப் பெண்ணுக்கு அடியாகத் திரும்பக்கூடும். பேச்சைப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்லக்கூடிய வயதுக் குழந்தையும் உடன் இருக்கக் கூடாது. மொழிபெயர்க்க ஆள் தேவையென்றால் அவர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. பெண் சொன்ன விவரத்தை, வீட்டில் மற்றவர்கள் புரட்டிப் பார்க்கக்கூடிய பரிசோதனை அட்டையில் எழுதுவதும் ஆபத்து.

பதில் சொல்லாமல் இருக்கப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. வற்புறுத்தத் தேவையில்லை, குறைந்தது 8 முறை பரிசோதனைக்கு வர வேண்டும் என்பதும் இதே பரிந்துரைகளில் இருப்பதால், இன்று பேசாதவர் அடுத்த முறை பேசலாம். பேசினால், குறுக்கிடாமல் கேட்பதும், நம்புவதும், அவருக்கு இப்போது என்ன தேவை என்று அறிவதும், பாதுகாப்புக்கு வழி காண்பதும், உதவி அமைப்புகளோடு இணைப்பதும் சுகாதாரப் பணியாளரின் பொறுப்பு. பெண்ணின் விருப்பத்தை மீறிக் காவல்துறைக்குக் கட்டாயமாகத் தெரிவிப்பதை இந்நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. அவர் விரும்பினால் புகார் அளிக்க உதவ வேண்டும்.

ஆபத்தின் அளவை அறியவும் கேள்விகள் உள்ளன. கடந்த 6 மாதங்களில் வன்முறை அதிகரித்துள்ளதா, ஆயுதத்தைப் பயன்படுத்தினாரா அல்லது காட்டி மிரட்டினாரா, கழுத்தை நெரிக்க முயன்றாரா, கொன்றுவிடுவார் என்று அஞ்சுகிறீர்களா, கர்ப்பமாக இருந்தபோது அடித்திருக்கிறாரா, ஓயாத சந்தேகத்தோடு மூர்க்கமாக நடக்கிறாரா என்பன அவை. இவற்றில் மூன்றுக்காவது 'ஆம்' என்று பதில் வந்தால் உடனடி ஆபத்து மிக அதிகம் என்று கருதி, அவர் வீடு திரும்புவது பாதுகாப்பா, இல்லையென்றால் எங்கே தங்கலாம் என்பதை அந்தச் சந்திப்பிலேயே அவரோடு பேசி முடிவுசெய்ய வேண்டும்.