யேமன் 1962: அந்த ஒரு வரியை மட்டும் எழுதாதீர்கள்

"1962இல் யேமனில் மூண்டது சன்னி–ஷியா போர்." விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் இந்த வரிதான் கட்டுக்கட்டாக வருகிறது. குறிப்பேடு தயாரிப்பவர்களே இப்படி அச்சடித்துக் கொடுப்பதுதான் வேதனை. இன்றைய செய்தியைப் பார்த்து அன்றைய போருக்குப் பெயர் வைத்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

அது மன்னராட்சியைக் கவிழ்த்துக் குடியரசு அமைத்தவர்களுக்கும் மன்னர் தரப்புக்கும் நடந்த உள்நாட்டுப் போர். நிதானமாகப் பாருங்கள். கவிழ்க்கப்பட்ட மன்னர் முகம்மது அல்-பத்ர் ஒரு ஜைதி இமாம், அதாவது மதத் தலைவரும்கூட. ஜைதி என்பது ஷியாவின் ஒரு கிளை. அவருக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது யார்? சன்னி அரசான சவூதி அரேபியா. அவரைக் கவிழ்த்துக் குடியரசுத் தலைவரான படை அதிகாரி அப்துல்லா அல்-சலால்? அவரும் ஜைதி குடும்பத்தில் பிறந்தவர்தான். வடக்கின் பெரிய ஜைதிக் குலக்கூட்டமான ஹாஷித்தின் தலைவர் அப்துல்லா அல்-அஹ்மர் குடியரசின் பக்கம் நின்றார். முந்தைய மன்னர் இமாம் அஹ்மத் அல்-அஹ்மரின் தந்தையையும் சகோதரரையும் கொன்றிருந்தார்; பகைக்கு அது போதும். ஷா மன்னர் ஆண்ட, ஷியா நாடான ஈரானும் மன்னர் தரப்புக்குத்தான் உதவியது. இதில் சன்னி–ஷியா கோட்டை எங்கே போடுவீர்கள்?

சவூதி அஞ்சியது குடியரசுக்கு. மன்னர் தரப்புக்கு ஆயுதம் ஏற்றிப் போன சவூதி விமானிகள் சிலர் 1962 அக்டோபரில் விமானத்தோடு எகிப்துக்கே ஓடிவிட்டார்கள். அரச குடும்பத்துக்குத் தூக்கம் போனது அதனால்தான். எகிப்து அதிபர் நாசருக்கோ, எகிப்தோடு இணைந்து ஒரே நாடாக இருந்த சிரியா 1961இல் விலகிய அவமானம் ஆறவில்லை. குடியரசுக்குத் துணையாக அவர் அனுப்பிய படை உச்சத்தில் 50,000ஐத் தாண்டியது.

அடுத்த தவறு: "மேற்கு நாடுகள் மன்னரை ஆதரித்தன." அமெரிக்கா 1962 டிசம்பரிலேயே குடியரசை அங்கீகரித்துவிட்டது. மறுத்தது பிரிட்டன், தெற்கிலுள்ள ஏடன் துறைமுகம் அப்போது அதன் கையில் இருந்தது. அதனால் ஏடனை இந்தப் போரின் களமாக எழுதாதீர்கள். இது வடக்கு யேமனின் போர். ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். சனா, தஇஸ், ஹுதைதா மூன்றையும் கோட்டால் இணைத்தால் வருவது குடியரசின் முக்கோணம். சஅதாவைச் சுற்றிய வடக்கு மலைகள் மன்னர் தரப்பின் அரண். எகிப்துப் படையின் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் ஹுதைதா.

"புரட்சியில் மன்னர் கொல்லப்பட்டார்" என்று எழுதினால் மதிப்பெண் போகும். செப்டம்பர் 26 இரவு டாங்கிகள் அரண்மனையைச் சுட்டன, மன்னர் இறந்ததாக வானொலி அறிவித்தது. அவரோ வடக்கு மலைகளுக்குத் தப்பிவிட்டார். இறந்தது 1996இல், லண்டனில். ஐ.நா. அனுப்பியதையும் "அமைதிப்படை" என்காதீர்கள். அது பார்வையாளர் குழு. 1963 ஜூலை முதல் 1964 செப்டம்பர் வரைதான் இருந்தது. செலவைக்கூடச் சவூதியும் எகிப்தும்தான் பங்கிட்டன.

தயவுசெய்து, முடிவை மட்டும் அவசரமாக எழுதாதீர்கள். 1967 ஜூன் போரில் இஸ்ரேலிடம் தோற்ற எகிப்து, அரபு நாடுகளின் கார்ட்டூம் மாநாட்டில் ஒப்புக்கொண்டபடி அந்த ஆண்டு முடிவதற்குள் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பலரும் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். நவம்பரில் சலாலும் பதவி இழந்தார். அவர் இடத்துக்கு அப்துல் ரஹ்மான் அல்-இர்யானி வந்தார். மன்னர் தரப்பு சனாவை 70 நாள் முற்றுகையிட்டது. சோவியத் ஆயுதங்கள் வானிலிருந்து வந்திறங்க, 1968 பிப்ரவரியில் முற்றுகை உடைந்தது. சமரசம் 1970இல்தான் வந்தது. மன்னர் தரப்பினருக்கு ஆட்சியில் பங்கு கிடைத்தது. அல்-பத்ரின் ஹமீதுத்தீன் அரச குடும்பத்துக்கு மட்டும் இடமில்லை. சவூதியும் குடியரசை அங்கீகரித்தது.