வயோதிகர்: வயது கூடியவரா, வயதை ஆள்பவரா?

"நான் ஒரு வயோதிகர்" என்று தன்னைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "எனக்கு வயசாயிடுச்சு" என்பார்கள். "கிழவன் ஆயிட்டேன்" என்று சிரித்தபடி சொல்பவர்களும் உண்டு. ஆனால் வயோதிகர் என்ற சொல் எப்போதும் அடுத்தவரைக் காட்டவே வருகிறது: படிவத்தில், அறிவிப்புப் பலகையில், செய்தித்தாளின் நான்கு வரிச் செய்தியில். சம்பந்தப்பட்டவர் ஒருபோதும் தன் வாயால் சொல்லாத ஒரு சொல் எப்படி அவருக்கான பெயர் ஆனது? இந்தக் கேள்விதான் என்னைச் சொல்லின் வேரைத் தேட வைத்தது.

வயோதிகம் வடசொல். 'வயஸ்', 'அதிக' என்ற இரண்டும் புணர்ந்து 'வயோதிக' ஆகும். வயதில் மிகுந்தவர் என்பது பொருள். இலங்கைத் தமிழில் இதுவே வயோதிபர் என்று வழங்குகிறது. சரி, வயதில் மிகுந்தவர் என்றால் யாரைவிட மிகுந்தவர்? அதைச் சொல் சொல்வதில்லை. ஐந்து வயதுக் குழந்தை மூன்று வயதுக் குழந்தையைவிட வயதில் மிகுந்ததுதான். எண்பத்தைந்து வயதுக்காரரிடம் போய் எழுபது வயதுக்காரரைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "அவனா? சின்னப் பையன்" என்பார். அவர் வேடிக்கைக்காகச் சொல்வதாக நமக்குத் தோன்றும். அவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது உண்மை.

இந்தச் சொல்லுக்குள் இருக்கும் 'வயஸ்' இன்னும் சுவையானது. வடமொழியில் அதற்கு வயது என்ற பொருளோடு வலிமை, இளமைத் துடிப்பு என்ற பொருளும் உண்டு. தமிழில் வயது ஆன பிறகும் அந்தப் பொருள் நம் பேச்சில் பத்திரமாக இருக்கிறது. 'வயசுப் பையன்', 'வயசுப் பொண்ணு' என்கிறோமே, அங்கே வயசு என்றால் இளமை. அதே வயசோடு 'ஆளி' சேர்ந்து வயசாளி ஆனால் முதியவர். ஒரே சொல் இரண்டு எதிர்க்கரைகளில் நிற்கிறது.

வினைகளைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். வயது வந்தால் ஒருவர் வளர்ந்தவர். அதனால்தான் 'வயது வந்தோர்'. வயது ஆனால் முதியவர்; 'வயதானவர்'. வயது போனாலும் முதியவர்தான். 'வயசு போன காலத்தில்' என்று சொல்கிறோம். வருகிறது, ஆகிறது, போகிறது. விருந்தாளி வந்து, சாப்பாடு ஆகி, கிளம்பிப் போவதுபோல ஒரு மனித வாழ்க்கையை மூன்று வினைகளில் அடக்கிவிட்ட மொழி இது. எப்போது வந்தது என்பது ஓரளவு தெரியும். எப்போது 'ஆனது' என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

வயதுக்குத் தனித்தமிழில் அகவை என்கிறோம். புதிதாக உண்டாக்கிய சொல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில் கண்ணகி 'ஈராறு ஆண்டு அகவையாள்', கோவலன் 'ஈரெட்டு ஆண்டு அகவையான்'. அகம் என்றால் உள். பன்னிரண்டு ஆண்டுகளின் உள்ளே இருப்பவள், பதினாறு ஆண்டுகளின் உள்ளே இருப்பவன். வயதை ஒரு சுமையாகத் தலையில் ஏற்றாமல், ஒரு வீட்டைப் போல அதற்குள் வசிக்கச் சொல்லும் இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஐம்பத்தெட்டு அகவை என்றால் ஐம்பத்தெட்டு ஆண்டுகளும் நம்மைச் சுற்றிச் சுவராக நிற்கின்றன.

கோவலனைச் சொல்லும் அந்த வரியை முழுதாகப் பார்க்க வேண்டும். 'இருநிதிக் கிழவன் மகன் ஈரெட்டு ஆண்டு அகவையான்.' பதினாறு வயதுப் பையனின் அப்பா கிழவனா? இல்லை. பெருஞ்செல்வத்துக்கு உரியவன் என்பதே அங்கே பொருள். இங்கேதான் வயோதிகருக்கு இணையான தமிழ்ச் சொற்களில் மிகவும் அடிபட்டுப்போன சொல்லின் கதை தொடங்குகிறது.

கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளி இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை என்றும், அதில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு வகை என்றும் படித்திருப்போம். என் கை என்பது தற்கிழமை, என்னைவிட்டுப் பிரியாது. என் வீடு என்பது பிறிதின்கிழமை, பிரியும். அந்தக் கிழமையை உடையவன் கிழவன், உடையவள் கிழத்தி. ஊரை உடையவர் கிழார். கோவூர் கிழார், சேக்கிழார் என்ற பெயர்கள் அப்படி வந்தவை. தொல்காப்பியக் களவியலில் 'ஒத்த கிழவனும் கிழத்தியும் காண்ப' என்று வருகிறது. முதல் முறை கண்கள் சந்திக்கும் இளங்காதலர்களைச் சொல்லும் இடம் அது. இன்றைய பொருளை வைத்துக்கொண்டு படித்தால் முதியோர் இல்லத்துக் காதல்போலத் தோன்றும். மாணவர்கள் வகுப்பில் சிரிப்பதில் வியப்பில்லை. சிரித்து முடித்த பிறகு அந்தச் சொல்லை அவர்கள் மறக்கவே மாட்டார்கள் என்பதால் அந்தச் சிரிப்பை நான் வரவேற்கிறேன்.

திருக்குறளில் உழவு அதிகாரத்தில் இருக்கிறது: 'செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்.' நிலத்துக்கு உரியவன் தினமும் போய்ப் பார்க்காமல் சும்மா இருந்தால், நிலம் மனைவியைப்போல ஊடல் கொள்ளும். மனைவி ஊடுகிற அளவுக்கு வீட்டில் இடம் உள்ள கிழவன் இவன்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய சான்று திருமுருகாற்றுப்படையின் கடைசி அடி: 'பழமுதிர் சோலை மலைகிழ வோனே.' என்றும் இளையோன் என்று நாம் கொண்டாடும் முருகனைத்தான் கிழவோன் என்று அழைக்கிறது. பக்கத்திலேயே 'முதிர்' என்ற சொல்லும் இருக்கிறது. முதிர்வது பழம், உரிமை உடையவன் முருகன். வள்ளியின் முன்னால் அதே முருகன் முதியவராக வேடமிட்டு வந்த கதையையும் சேர்த்துக்கொண்டால், தமிழில் கிழவன் என்ற சொல்லை இரண்டு பொருளிலும் அழகாகத் தாங்கிய ஒரே இளைஞன் அவன்தான்.

உரியவன் எப்படி முதியவன் ஆனான்? நிலமும் வீடும் குடியும் பெரும்பாலும் மூத்தவர் கையில் இருந்ததால் உடைமையின் பெயர் மெல்ல வயதின் பெயராக நகர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இலத்தீனில் இதற்கு நேர் எதிரான பயணம் நடந்தது. அங்கே 'சீனியர்' என்றால் மூத்தவர், அவ்வளவுதான். அது பிரெஞ்சில் 'சென்யர்' என்று பிரபு ஆனது, ஸ்பானியத்தில் 'சென்யோர்' என்று மரியாதைச் சொல் ஆனது, ஆங்கிலத்தில் 'சார்' ஆகி நம் நாக்கிலும் உட்கார்ந்துவிட்டது. அவர்களிடம் முதியவர் ஐயா ஆனார். நம்மிடம் ஐயா முதியவர் ஆனார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிழவர் கிழம் ஆனார், கிழடு ஆனார். இதை இலக்கணக் கண்ணோடு பாருங்கள். வேரில் எந்த இழிவும் இல்லை. இழிவு ஈற்றில் இருக்கிறது. 'அர்' விகுதியை உருவிவிட்டு, உயர்திணையில் இருந்த ஆளை அஃறிணைக்கு இறக்கிவிடுகிறோம். பெரியவர் 'பெருசு' ஆவதும் இதே வழிதான். குழந்தையையும் நாம் அஃறிணையில்தான் சொல்கிறோம். 'குழந்தை அழுதது', 'குழந்தை சிரிக்கிறது' என்கிறோம். அங்கே அது கொஞ்சல். வாழ்க்கையின் இரண்டு முனைகளிலும் மொழி நம் உயர்திணையை எடுத்துவிடுகிறது. ஒரு முனையில் மடியில் வைத்துக்கொள்ள, இன்னொரு முனையில் ஓரமாக வைக்க. என்னைக் கேட்டால் ஒருவர் முதியவர் ஆவது நரையிலோ மூட்டுவலியிலோ அல்ல. அவரைப் பற்றிப் பேசும் வாக்கியம் 'வந்தார்' என்பதை விட்டு 'வந்துச்சு' என்று முடியும் அன்றுதான்.

எண்களை நம்பலாமே என்றால் அவையும் ஒன்று சொன்னது போல் இன்னொன்று சொல்வதில்லை. ஜெர்மனியில் 1889-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது எல்லை 70. 1916-இல் அதை 65 ஆக்கினார்கள். ஒரே சட்டத்தின் ஒரு திருத்தத்தில் அறுபத்தாறு வயதுக்காரர் எல்லோரும் ஒரே நாளில் முதியோர் ஆனார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் கணக்குகளில் பெரும்பாலும் 60. ஜப்பானில் 65 முதல் 74 வரை முன்முதுமை, 75-க்கு மேல் பின்முதுமை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்.

செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் நம் பாட்டியல் நூல்களின் மரபு இதில் தனி ரகம். பெண்களுக்கு ஏழு பருவங்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, கடைசியாக 32 முதல் 40 வரை பேரிளம்பெண். பெரிய இளம்பெண்! நாற்பதில் நிற்கிறவரையும் 'இளம்' என்பதை விடாமல் அழைத்த அந்தப் புலவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நாற்பதுக்கு அப்புறம் பட்டியலில் பெயரே இல்லை. ஆண்களிடம் அந்தத் தாராளம் காட்டவில்லை. பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்று போய், முப்பதைத் தாண்டியதும் முதுமகன் என்று ஒரு பட்டியல் முடித்துவிடுகிறது. இந்தப் பட்டியல்களின்படி முப்பத்தைந்து வயதுக் கணவன் முதுமகன், அதே வயது மனைவி இளம்பெண்.

முதுமகன் என்பதில் இருக்கும் 'முது'தான் வயோதிகத்துக்கு நேரான தமிழ் வேர். முதுமை, முதிர்ச்சி, மூப்பு, மூத்தோர், முதியோர், மூதூர், முதுமொழி எல்லாம் இந்தக் குடும்பம். வயோதிகம் ஆண்டுகளை எண்ணுகிறது. முதிர்தல் பழுத்ததா என்று பார்க்கிறது. முதிர்ந்த நெல், முதிர்ந்த கனி, முதிர்ந்த அறிவு என்கிறோம். வயோதிக நெல் என்று சொல்லிப் பாருங்கள், வாய் வராது. வடசொல்லுக்கு நேராகத் தமிழ்ச்சொல் வைப்பதும் புதிதில்லை. விருத்தாசலம் என்ற ஊர்ப்பெயரில் 'விருத்த' என்றால் முதிய, 'அசலம்' என்றால் மலை. தேவாரம் அந்த ஊரை முதுகுன்றம் என்று பாடுகிறது.

'மூத்த' என்ற சொல்லின் நேர்மையும் எனக்குப் பிடிக்கும். அது ஒப்பீட்டை மறைப்பதில்லை. மூத்தவர் என்றால் இளையவர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். பத்து வயது அக்காவும் மூத்தவள்தான். அதனால் 'மூத்த குடிமக்கள்' என்பது நல்ல மொழிபெயர்ப்பு. யாரையும் ஓரம் கட்டாமல் வரிசையில் முன்னால் நிறுத்துகிறது. ஒருமுறை நீண்ட வரிசையில் நின்றபோது ஓர் இளைஞர் "பெரியவரே, நீங்க முன்னாடி போங்க" என்றார். என்னை முதன்முதலாக அப்படி அழைத்தவர் அவர். எனக்கு வருத்தமாக இல்லை. பெரியவர் என்ற சொல்லில் ஆண்டுக்கணக்கே இல்லை, அளவு மட்டும் இருக்கிறது என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்போது முதுமை வருகிறது என்ற கேள்வியைத் தமிழில் நேராகக் கேட்டுப் பதில் சொன்னவர் பிசிராந்தையார். புறநானூற்றின் 191-ஆம் பாட்டில், ஆண்டு பல ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்கிறார்கள். அவர் மூலிகை எதுவும் சொல்லவில்லை. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தான் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் அரசன், ஊரில் அடக்கமுள்ள சான்றோர் பலர் என்று அடுக்குகிறார். எல்லாமே தன்னைச் சுற்றி இருக்கும் மனிதர்கள். சொந்த உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அதே புறநானூற்றில் 243-ஆம் பாட்டு. ஒரு முதியவர் சிறுவயதை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியது, தோழர்களோடு திரிந்தது, நீரில் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மலைக்க, ஆழ்ந்த மடுவில் துடுமெனப் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்து காட்டியது. அந்தக் கல்லா இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார். பூண் வைத்த தடியை ஊன்றி, நடுங்கிக்கொண்டு, இருமலுக்கு நடுவே சிக்கிய சில சொற்களைப் பேசும் 'பெருமூதாளரேம்' ஆகிவிட்டோம் என்கிறார். அவருடைய சொந்தப் பெயர் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இருமலுக்கு நடுவில் வந்த சில சொற்களில் அவர் நமக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார்: மூதாளர். தொழிலை ஆள்பவர் தொழிலாளர், எழுத்தை ஆள்பவர் எழுத்தாளர் என்பதுபோல முதுமையை ஆள்பவர் மூதாளர் என்று பிரித்துப் பார்க்க இடம் தரும் சொல். இதன் பெண்பால் மூதாட்டி. அதை நாம் இன்றும் தினமும் செய்தியில் படிக்கிறோம். மூதாட்டியை வைத்துக்கொண்டு அவருக்கு இணையான மூதாளரை மட்டும் எங்கேயோ தவறவிட்டிருக்கிறோம். வயோதிகர் என்று எழுத வேண்டிய இடத்தில் இனி நான் முதியவர் என்றோ மூத்தவர் என்றோ எழுதுவேன். என்னைப் பற்றி எழுத நேரும்போது மூதாளர் என்று எழுதிக்கொள்ள ஆசை.