கழுத்துக் கருப்பும் கைச் சொரசொரப்பும்: உடம்புக்கு ஆசிட் பூசும் முன்

முகத்துக்கு வாங்கிய கிளைகாலிக் ஆசிட் டோனரை அக்குளுக்கும் கழுத்துக்கும் தொடைக்கும் பூசிக்கொள்ளும் பழக்கம் சில வருடங்களாக வேகமாகப் பரவிவருகிறது. என்னிடம் வரும் கல்லூரிப் பெண்களில் பலர் கைப்பையிலிருந்து பாட்டிலையே எடுத்துக் காட்டுகிறார்கள். தோல் மருத்துவராக நானும் இந்த ஆசிட்களை அடிக்கடி எழுதிக்கொடுக்கிறேன். சரியான இடத்தில் அருமையாக வேலை செய்பவை. ஆனால் எந்தக் குறைக்குப் பூசுகிறோம் என்று தெரியாமலே பூசுகிறார்களே என்பதுதான் என் கவலை.

நம் தோலின் மேலடுக்கில் இருப்பவை இறந்த செல்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்து, ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு சுற்று, கண்ணுக்குத் தெரியாமல் உதிரும். அந்த ஒட்டுதல் தளராமல் செல்கள் தேங்கினால் தோல் தடிக்கும், சொரசொரக்கும். கிளைகாலிக், லாக்டிக் போன்ற ஆசிட்கள் அந்த ஒட்டுதலைத் தளர்த்துகின்றன. இவை முகப்பொலிவுக்காக வந்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தோல் மருத்துவத்தில் இவற்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உடம்புத் தோல்தான். உடம்பெல்லாம் செதில் செதிலாகத் தடித்து உரியும் இக்தியோசிஸ் நோய்க்கு இவை பலன் தருவதை வான் ஸ்காட், யூ என்ற இருவர் 1974-ல் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அழகுசாதனக் கம்பெனிகள் வந்தது அதற்குப் பிறகு.

உடம்பில் இவற்றுக்கு மிகப் பொருத்தமான குறை என்றால் நான் முதலில் சொல்வது கெரட்டோசிஸ் பைலாரிஸ். மேல்கையின் வெளிப்புறத்திலும் தொடையிலும் சிறுசிறு புள்ளியாகத் தடித்து, இறகு பிடுங்கிய கோழியின் தோல் போல இருக்கும். தடவினால் கை உரசும். நம் நிறத்தில் ஒவ்வொரு புள்ளியும் பழுப்பாகத் தெரியும். கிள்ளினால் வெள்ளையாக ஒரு முளை வரும்; சிலசமயம் அதற்குள் ஒரு முடி சுருண்டு கிடக்கும். முடிக்குழியின் வாயைக் கெரட்டின் என்ற தோல் புரதம் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பரம்பரையாக வருவது, தொற்றாது. மகளைக் கூட்டிவந்த அம்மா தன் கையையும் தடவிப் பார்த்துக்கொண்டு, "எனக்கும் சின்ன வயசுல இப்படித்தான் டாக்டர் இருந்துச்சு" என்று சொல்வது அடிக்கடி நடக்கும்.

இதற்கு 10 முதல் 20 சதவீத யூரியா கிரீம், அல்லது லாக்டிக் ஆசிட்டின் உப்பான அமோனியம் லாக்டேட் 12 சதவீத லோஷன் போதும். இரவில் குளித்துத் துடைத்து, தோல் காய்ந்ததும் பூசினால் எரிச்சல் குறையும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் பழகியபின் தினமும். ஒன்றிரண்டு மாதத்தில் கைக்கு வித்தியாசம் தெரியும். பழுப்புப் புள்ளி மங்க அதைவிட நாளாகும். பூசுவதை நிறுத்தினால் சொரசொரப்பு திரும்பி வரும். இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன், பிறகு மருந்து ஏமாற்றிவிட்டது என்று யாரும் மனம் உடையக்கூடாது.

முதுகிலும் மார்பிலும் வரும் பருக்களுக்குச் சாலிசிலிக் ஆசிட் நல்லது. எண்ணெயில் கரைவதால் முடிக்குழிக்குள் இறங்கும். 2 சதவீத பாடி வாஷைப் போட்டு இரண்டு நிமிடம் விட்டுக் கழுவினால் பலருக்குப் போதுமானது.

இனி, ஆசிட் உதவாத கருப்புகள். தோள்பட்டை எலும்பு, காரை எலும்பு, முழங்கால் முன்பக்கம் என்று எலும்பு மேடாக இருக்கும் இடங்களில் மட்டும் அலையலையாகப் பழுப்பு படர்ந்திருக்கும். இதைப் பார்த்ததும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எதை வச்சுத் தேய்ச்சுக் குளிக்கிறீங்க?" பீர்க்கங்காய் நார், நைலான் நார், சிலர் வீட்டில் கல். "அழுக்கு போகலையேன்னு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன் டாக்டர்" என்பார்கள். அந்தக் கருப்பை உண்டாக்கியதே அந்தத் தேய்ப்பு. வருடக்கணக்கில் உரசி உரசி நிறமி தோலின் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது; சிலருக்கு அமிலாய்டு என்ற புரதமும் அங்கே படிகிறது. மேலடுக்கை மட்டும் தளர்த்தும் லோஷன் அவ்வளவு ஆழம் போகாது. நாரை விட்டுவிட்டு, கையாலேயே சோப்புப் போட்டு, எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுவதுதான் முதல் மருந்து. மங்குவதற்குப் பல மாதம் பிடிக்கும். நாரையும் விடாமல் ஆசிட்டையும் சேர்த்துக்கொள்பவர்களுக்குக் கருப்பு கூடத்தான் செய்யும்.

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, மெத்தென்று, கோடு கோடாகக் கருத்திருந்தால் அது பெரும்பாலும் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. அதிக எடை, பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு, சர்க்கரை நோயின் தொடக்கம் ஆகியவற்றோடு சேர்ந்து வரும். இங்கே எனக்கு வருத்தமாக இருப்பது, வீட்டில் இந்தப் பிள்ளைகள் படும் பாடு. "கழுத்தைத் தேய்ச்சுக் குளி, அழுக்கா இருக்கு பாரு" என்று சொந்தக்காரர்கள் முன்னால் திட்டு வாங்கியே வளர்ந்திருப்பார்கள். அது அழுக்கே இல்லை. பாட்டில் வாங்கும் காசில் ஒருமுறை ரத்தச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பாருங்கள். எடை குறைந்து இன்சுலின் சீரானால் கழுத்தும் மெல்லத் தெளியும். ஆசிட்டோ யூரியாவோ கொஞ்சம் மிருதுவாக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வட்டமாக, ஓரம் தடித்து, அரிப்போடு இருந்தால் படர்தாமரை. அதன்மேல் எந்த ஆசிட்டும் வேண்டாம்.

இன்னொரு ஆபத்து அதிகச் செறிவு. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்குள் புண்ணோடு வந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். காலையில் வேக்ஸிங், மாலையில் ஆன்லைனில் வாங்கிய 30 சதவீத பீலிங் சீரம். "பத்து நிமிஷம் வைக்கலாம்னு போட்டிருந்துச்சு டாக்டர்." பாட்டிலில் இருந்தது முகத்துக்கான கணக்கு. வேக்ஸிங் தோலின் மேலடுக்கை ஏற்கெனவே உரித்திருக்க, மடிப்புக்குள் வியர்வையோடு ஆசிட் தங்கி, தோல் வெந்துபோயிருந்தது. புண் ஒரு வாரத்தில் ஆறியது. அது விட்டுப்போன கருப்பு ஆற மாதங்கள் ஆயின. நம் தோல் எரிச்சலுக்குக் கருமையால்தான் பதில் சொல்லும். எந்தக் கருப்பைப் போக்க நினைத்தாரோ, அதைவிட அடர்ந்த கருப்போடு மணமேடை ஏறினார்.

வீட்டில் பயன்படுத்தும் பொருளில் கிளைகாலிக், லாக்டிக் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பிஎச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.5-க்குக் கீழே இறங்கக்கூடாது என்று 1998-லேயே அமெரிக்க வல்லுநர் குழு சொல்லிவிட்டது. 30 சதவீதம் பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியது. வேக்ஸிங், ஷேவிங் செய்தால் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். புதுப் பாட்டிலை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ரூபாய் நாணயம் அளவு பூசி, இரண்டு நாள் பாருங்கள்.

வெயிலையும் மறக்கக்கூடாது. கிளைகாலிக் போன்றவற்றை நான்கு வாரம் பூசியவர்களின் தோல் புற ஊதாக்கதிரில் சிவக்கும் தன்மை 18 சதவீதம் கூடியது என்றும், நிறுத்திய ஒரு வாரத்தில் அது சரியானது என்றும் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. ஸ்கூட்டரில் அரைக்கைச் சட்டையோடு போகிறவர்கள் இரவில் மட்டும் பூசி, பகலில் கைக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிரீன் போடுங்கள், அல்லது மூடிக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்ப்பதும் ஆசிட் பூசுவதுதான், அளவே தெரியாத ஆசிட். அதோடு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துக் கருக்கும்.

சாலிசிலிக் ஆசிட்டை உடம்பு முழுக்கப் பூசி அப்படியே விட்டால் ரத்தத்தில் கலக்கும். காதில் இரைச்சல், குமட்டல் வந்தால் உடனே கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தாமாகவே வாங்கிப் பூச வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது கால். மெடிக்கலில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்டர்கள் பலவற்றில் 40 சதவீதச் சாலிசிலிக் ஆசிட் இருக்கிறது. உணர்ச்சி மரத்த காலில் அது சதை வரை அரித்தாலும் வலி தெரியாது. அதைத் தொடவே தொடாதீர்கள். குதிகால் வெடிப்புக்கு 10 சதவீத யூரியா கிரீம் போதும், விரல் இடுக்கில் தடவாமல். புண்ணோ நீர்க்கசிவோ தெரிந்தால் அன்றைக்கே காலைக் காட்டிவிடுங்கள்.