‘தி’ என்றால் புனைபெயர் அல்ல

கனடாவின் பிரெஞ்சு மாகாணமான கியூபெக்கின் குடும்ப வரலாறு பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்றைத் திருத்தித் தரச் சொன்னார்கள். முதல் பக்கத்தில் ‘அந்துவான் ருவா, புனைபெயர் தெஜார்தேன்’. மூன்றாம் பக்கத்தில் அதே ஆள் ‘அந்துவான் ருவா தெஜார்தேன் கூறினார்’ ஆகிவிட்டார். என்ன கூறினார் என்று தேடிப் பார்த்தேன். பாவம், ஒன்றும் கூறவில்லை. ‘கூறினார்’ கணினி செய்த கோளாறு, சிரித்துக்கொண்டே அடித்துவிடலாம். ‘புனைபெயர்’ மனிதர் யோசித்துப் போட்டது. இதைப் பார்ப்பது இது முதல் தடவையும் இல்லை.

மூலத்தில் இருப்பது ‘தி’ என்ற பொடிச் சொல். பிரெஞ்சில் ‘சொல்லுதல்’ என்ற வினையிலிருந்து வந்தது, லத்தீன் வேர். ‘இப்படிச் சொல்லப்படுகிற’ என்று பொருள். பெண்ணுக்கு ‘தித்’. அவ்வளவுதான்.

1665இல் காரிஞான்-சாலியேர் என்ற பிரெஞ்சுப் படைப்பிரிவு கனடா வந்து இறங்கியது. ஏறக்குறைய 1,200 பேர். நானூறு பேர்போல அங்கேயே தங்கிவிட்டார்கள். படையில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு, அது ‘தி’க்குப் பின்னால் வரும்: கவலையில்லாதவன், பூ, மலையைப் பிளப்பவன். ஆனால் ‘தி’க்குப் பின்னால் வருவதெல்லாம் படைப்பெயர் அல்ல. பிரான்சின் அன்ஜூ பகுதியிலிருந்து வந்தவன் லான்ஜ்வேன் ஆனான், அங்கேயே சேந்தோன்ஜ் பகுதிக்காரன் சேந்தோன்ஜ் ஆனான். சில இடங்களில் தாய்வழிப் பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டது.

முக்கியமான விஷயம், இந்தப் பெயர் பிள்ளைகளுக்கும் போகும். புனைபெயர் அப்படிப் போகுமா? புனைபெயர் என்பது எழுதுகிறவர் தாமே புனைந்து வைத்துக்கொள்வது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் புனைபெயரா இனிஷியலாக வருகிறது? அந்துவான் எதையும் புனையவில்லை, எழுதவுமில்லை. அவர் ஒரு படைவீரர். ‘பட்டப்பெயர்’ கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அது ஒருவரோடு போய்விடும், ஊர்ப்பெயரையும் தாய்வழிப் பெயரையும் அதில் அடைக்கவும் முடியாது. சொல் பிசகினால் தேடலும் பிசகும். ஞானஸ்நானப் பதிவில் ருவா, அடக்கப் பதிவில் தெஜார்தேன் என்று ஒரே ஆள் இரண்டு பெயரில் இருப்பார். அண்ணன் ஒரு பெயரையும் தம்பி மற்றதையும் பிடித்துக்கொள்வதும் உண்டு. புனைபெயர்தானே என்று ஒதுக்கினால் பாதிச் சொந்தம் காணாமல் போய்விடும். ருவா என்றால் அரசன்; அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து ருவா ‘கிங்’ ஆன கதையெல்லாம் தனி.

சரி, தமிழில் என்ன போடுவது? ‘என்கிற’ இருக்கிறதே! ‘என்’ என்றாலே சொல் என்றுதானே பொருள். பிரெஞ்சுக்காரர் எந்த வினையை எடுத்தாரோ அதே வினை, அதே வேலை. பத்திரத்தில் ‘முருகன் (எ) முருகேசன்’ என்று எழுதுகிறோம். அந்த ‘எ’தான் ‘தி’. சோழர் கல்வெட்டில் ‘இன்ன ஊர் ஆன இன்ன சதுர்வேதிமங்கலம்’ என்று வருகிற ‘ஆன’வும் இதற்கு அக்காள் முறை. கட்டுரையாளரிடம் சொன்னபோது, “அது போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்குதுங்களே” என்றார். குற்றப்பத்திரிகையில் வருவதால் ஒரு சொல் குற்றவாளியாகிவிடுமா? கையில் இருக்கும் சொல்லுக்கு வாடை பார்ப்பது, அப்புறம் அகராதியில் எட்டாவது பொருளைப் பொறுக்கி ஒட்டுவது! இப்போது பாதி மொழிபெயர்ப்பு இப்படித்தான் நடக்கிறது. இவ்வகைப் பெயருக்குப் பொதுப்பெயர் வேண்டுமென்றால் ‘வழங்குபெயர்’ போதும்.

1900இல் லெவி நகரில் மக்கள் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கிய அல்ஃபோன்ஸ் தெஜார்தேன் இந்த அந்துவானின் வழி வந்தவர். அப்பா ஃபிரான்சுவா ருவா என்கிற தெஜார்தேன். அம்மா கிளாரிஸ் மிவில் என்கிற தெஷேன். இரண்டையும் இப்படியே திருத்தி அனுப்பினேன். அச்சில் அப்பாவுக்கு ‘என்கிற’ நிலைத்திருந்தது. அம்மா மட்டும் ‘தெஷேன் என்ற புனைபெயரில் எழுதியவர்’.