ஃப்ரீசருக்குள் வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்

பெங்களூரில் உணவியல் ஆலோசகராகப் பணிபுரியும் நான், என்னிடம் வருகிறவர்களை முதலில் மூன்று நாள் உணவுக் குறிப்பு எழுதிவரச் சொல்வது வழக்கம். ஒயிட்ஃபீல்டிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களின் குறிப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. காலையில் இட்லி, மதியம் டப்பாவில் சாதமும் ஒரு பொரியலும் என்று ஒழுங்காகத் தொடங்கும் நாள், இரவு எட்டரை மணிக்கு மேல் செயலி வழியாக வரவழைத்த பரோட்டாவிலோ ஃபிரைடு ரைஸிலோ முடிகிறது. காய்கறி சாப்பிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. வெளிவட்டச் சாலை நெரிசலில் நின்று நின்று வீடு வந்து சேர்கிறவருக்கு, கொண்டைக்கடலையை ஊறவைக்காமல் போனது அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களின் மாதிரித் தட்டில், ஒரு நாளுக்குக் காயும் கனியும் சேர்த்து 500 கிராம் இடம்பெறுகிறது. இரவு உணவு வெளியிலிருந்து வரும் வீடுகளில், நான் பார்த்தவரை, அதில் பாதியை எட்டுவதே கடினம்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை சமைத்து ஃப்ரீசரில் உறையவைத்து வாரநாட்களில் எடுத்துச் சாப்பிடலாமா என்று கேட்கிறவர்களிடம், தாராளமாகச் செய்யலாம் என்றே சொல்கிறேன். இதைக் கேட்டதும் உடன் வந்திருக்கும் மாமியாரோ அம்மாவோ முகம் சுளிப்பதுண்டு. அன்றன்று சமைத்ததை அன்றன்றே முடிப்பது என்ற அவர்களது பழக்கம், ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் குடும்பத்தைக் காத்த பழக்கம். அதை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. ஆனால் அவர்கள் அஞ்சும் இடம் ஒன்று, ஆபத்து இருக்கும் இடம் வேறு. முறையாக உறைந்த குழம்பு ஃப்ரீசருக்குள் இருக்கும் மூன்று வாரத்தில் கெடுவதில்லை. அது கெடுவது, அடுப்பிலிருந்து இறங்கியதற்கும் ஃப்ரீசருக்குள் போவதற்கும் இடையிலுள்ள சில மணி நேரத்தில்தான்.

காரணம் எளிது. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சாவதுமில்லை. உள்ளே போகும்போது உணவில் எந்த அளவு கிருமி இருந்ததோ, ஏறக்குறைய அதே அளவு வெளியே வரும்போதும் இருக்கும். அவை விரைந்து பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்; ஏற்ற சூழல் அமைந்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியவையும் அவற்றில் உண்டு. 'பெங்களூர் குளிர்ந்த ஊர்தானே, சென்னை மாதிரி இங்கே எதுவும் ஊசிப்போகாது' என்ற எண்ணம் இங்கே பலரிடம் இருக்கிறது. மார்கழியில்கூட நம் சமையலறை மேடை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். கிருமிகளுக்கு அது போதுமானது. சென்னையில் வைத்தால் சாம்பாரின் வாசனையே நம்மை எச்சரித்துவிடும். இங்கே அந்த எச்சரிக்கை தாமதமாக வருகிறது என்பதால், இந்த ஊரின் தட்பவெப்பம் கூடுதல் கவனத்தையே கோருகிறது.

இதோடு இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. சூடாக இருப்பதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்று நம் எல்லோருக்கும் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆவி பறக்கும் பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் பக்கத்திலிருக்கும் பாலும் தயிரும் சூடேறும் என்பதால் அந்த அறிவுரை ஓரளவு சரியானதே. ஆனால் நடைமுறையில் அது, ஐந்து லிட்டர் குக்கர் நிறையச் சாம்பாரை 'ஆறட்டும்' என்று இரவு முழுவதும் மேடையிலேயே விட்டுவிட்டுக் காலையில் டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசருக்கு அனுப்புவதாக மாறிவிடுகிறது. ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கறிக்குழம்பு, பருப்பு போன்ற கெட்டியான பதார்த்தங்களில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா பெருகுவதற்கு அந்த வெதுவெதுப்பே உகந்தது. சாதத்தில் பேசிலஸ் சீரியஸ் என்ற இன்னொன்று இருக்கிறது. அதன் வித்துகள் சாதம் கொதிக்கும்போது சாவதில்லை. சாதம் மெல்ல ஆறும்போது அவை முளைத்து நச்சை உண்டாக்குகின்றன. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, மீண்டும் சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. 'நன்றாகக் கொதிக்கவைத்துத்தானே சாப்பிட்டோம்' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

சமைத்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் உணவு ஆறி உள்ளே போயிருக்க வேண்டும். இதற்குச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டியதில்லை. குழம்பை அகலமான எவர்சில்வர் பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றி, பாத்திரம் கழுவும் தொட்டியில் குளிர்ந்த நீரை நிரப்பி அதில் அவற்றை இறக்கி, ஒரு தட்டு ஐஸ் கட்டிகளையும் அந்த நீரில் போட்டு அவ்வப்போது கிளறிவிட்டால், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வெதுவெதுப்பு அடங்கிவிடும். மெல்லிய, அகலமான பாத்திரம் சூட்டை நீருக்கு விரைவாக விட்டுவிடும். இந்த வேலைக்கு மண்சட்டியும் கனமான குக்கரும் ஏற்றவையல்ல. ஆவி அடங்கியதும் சிறு டப்பாக்களில் அடைத்து முதலில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு மேலே ஃப்ரீசருக்கு மாற்றலாம். காலை ஏழு மணிக்கு வரும் சமையல்கார அம்மாவிடம் கூடுதலாகச் சமைத்து வைக்கச் சொல்லும் வீடுகளில், அவர் கிளம்பும் முன் இந்தப் பிரித்து ஆறவைக்கும் வேலையையும் செய்து முடிக்கும்படி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு மூடி போட்ட பாத்திரம் மாலைவரை மேடையில் கிடப்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் கதை.

ஃப்ரீசரும் ஃப்ரீசராக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வாங்கும்போது கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுபவை. எவ்வளவு குளிரும் என்பதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. குளிர்ச்சிக்கான குறியீடு தனியாக ஃப்ரீசர் பகுதியில் இருக்கும்: ஒரு குறி என்றால் மைனஸ் 6, இரண்டென்றால் மைனஸ் 12, மூன்றென்றால் மைனஸ் 18 டிகிரி. ஒற்றைக்கதவுப் பெட்டிகளில் மேலே இருக்கும் சின்ன அறை மூன்று குறிகளை எட்டாததாக இருந்தால், அதில் சமைத்த உணவை ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது என் அறிவுரை. உள்ளே பனி கையளவு படிந்திருந்தால் அதை உருக்கிச் சுத்தம் செய்த பிறகே இந்த முயற்சியைத் தொடங்குங்கள். மைனஸ் 18-ஐ எட்டும் இரட்டைக்கதவுப் பெட்டியில் குழம்பு வகைகளை மூன்று மாதம் வரையிலும் வைக்கலாம். ஆனாலும் குழந்தைகள் ஐஸ்கிரீமுக்காக நாளெல்லாம் திறந்து மூடும் வீட்டுப் பெட்டிக்கு நான் ஒரு மாதத்தையே எல்லையாகச் சொல்கிறேன்.

இனி எதை உறையவைப்பது என்பதற்கு வருவோம். மேல்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஒரு வேளைச் சாப்பாட்டை முழுசாகத் தட்டோடு உறையவைக்க முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் சமையலுக்கு அது பொருந்துவதில்லை. நம் உணவின் மணம் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்வது; தாளிப்பு, கொத்தமல்லி, தேங்காய், எலுமிச்சை எல்லாமே அப்போது சேர்பவை. அதனால் நேரத்தை விழுங்கும் அடிப்படைகளை மட்டும் உறையவைத்து, முடிப்பை அன்றாடம் செய்வதே சிறந்தது. வேகவைத்த பயறு வகைகள் இதில் முதலிடம் பெறும். கொண்டைக்கடலை, ராஜ்மா, தட்டைப்பயறு ஆகியவற்றை ஊறவைத்து, குழையாமல் வேகவைத்து, நீரை வடித்து ஆறவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து வைத்துவிட்டால், புதன்கிழமை இரவு பத்து நிமிடத்தில் சுண்டலோ குழம்போ தயாராகும். புரதமும் நார்ச்சத்தும் உறைவதால் குறைந்துவிடுவதில்லை. பரோட்டாவை வரவழைக்கத் தூண்டுவது பசியைவிடத் தயாரிப்பின்மைதான் என்பதால், இந்த ஒரு பை பல வீடுகளின் இரவு உணவை மாற்றிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வெங்காயமும் தக்காளியும் இஞ்சி பூண்டும் வதக்கி அரைத்த மசாலா, குழைய வேகவைத்த துவரம்பருப்பு, புளிக்காய்ச்சல், கொள்ளு மசியல் ஆகியவையும் நன்றாக உறைந்து நன்றாகவே மீள்கின்றன.

பருவத்தில் மலியும் காய்களுக்கும் இது ஏற்றது. டிசம்பர் தொடங்கியதும் பெங்களூரின் தெருமுனைகளில் அவரைக்காய் குவியலாக இறங்கிவிடும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்கள் பிதுக்குப்பருப்புக் குழம்புக்காக ஆண்டு முழுவதும் காத்திருக்கும் காலம் அது. உரித்த கொட்டையையும், அதே பருவத்தில் வரும் பச்சைப் பட்டாணியையும் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் நீரில் அமிழ்த்தி, துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் பரப்பி உறையவைத்த பிறகு பையில் சேர்த்தால், ஒன்றோடொன்று ஒட்டாமல் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். கொதிநீரில் போடாமல் நேரே உறையவைத்தால், காயிலுள்ள நொதிகள் குளிரிலும் மெல்ல வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். பீன்ஸ், காலிஃபிளவர் போன்றவற்றுக்கு மூன்று நிமிடம் ஆகும். இதில் வைட்டமின் சி கொஞ்சம் இழப்பாகும் என்பது உண்மையே. ஆனால் சந்தையில் வாங்கி ஒரு வாரம் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வாடவிட்ட காயிலும் அதே இழப்பு நேர்கிறது. பையைத் திறந்து பார்க்க மனமில்லாமல் குப்பைக்குப் போகும் காயில் முழு இழப்பு.

உருளைக்கிழங்கு உறைந்து மீண்டால் மணல்மணலாகிவிடும். தயிர், மோர்க்குழம்பு, தேங்காய்ப்பால் சேர்த்தவை திரிந்து நீர் பிரியும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகும். ரசத்தை உறையவைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். பத்து நிமிடத்தில் வைக்கக்கூடிய ரசத்துக்கு ஃப்ரீசரில் இடம் கொடுப்பது எனக்கு வீணாகவே தோன்றுகிறது. சாதமும் அப்படியே. குக்கரில் கால் மணி நேரத்தில் ஆகிவிடுவதை, மேலே சொன்ன கிருமி ஆபத்தையும் சேர்த்துக்கொண்டு சேமித்து வைக்கத் தேவையில்லை.

இட்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதைத் தவறான தட்டில் வைக்கிறார்கள். வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுவது, ஃபிரிட்ஜின் கீழ்ப்பகுதியில் இருக்கும் 4 டிகிரி போன்ற குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். உறைநிலைக்கு வெகுகீழே அது கிட்டத்தட்ட நின்றுவிடும். எனவே மீந்த இட்லியை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் கல்லாகிறது. ஆறியதும் ஃப்ரீசரில் வைத்து, உறைந்தபடியே இட்லிப் பானையில் ஆவியில் ஏற்றினால் மென்மையாகவே வருகிறது. சப்பாத்திக்கும் இதே விதி பொருந்தும். துருவிய காரட்டும் பட்டாணியும் சேர்த்த இட்லியையும் கேழ்வரகு இட்லியையும் இப்படி வைத்திருப்பது, பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பெரிய உதவி.

உப்பையும் எண்ணெயையும் உறையவைக்கும்போது குறைத்தே சேர்க்கச் சொல்கிறேன். நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சூடுபடுத்தும்போது குழம்பு சுண்டிக் கரிக்கும் என்பதால், முன்பே முழு உப்பையும் போட்டுவிட்டால் அதைத் திருத்த வழியில்லை. கொழுப்பு குளிரிலும் மெல்லச் சிக்குவாடை பிடிக்கும்; மத்தி போன்ற கொழுப்பு மிகுந்த மீனை வஞ்சிரத்தைவிட முன்னதாகச் சமைத்துவிடுங்கள். டப்பாவில் மேலே ஒரு விரல்கடை இடம் விடுவது அவசியம், நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். இடமில்லாத கண்ணாடிப் பாட்டில் விரிசல் விடும். உணவகத்திலிருந்து பார்சல் வந்த மெல்லிய கறுப்பு டப்பாக்களை இதற்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். எவர்சில்வர் போதும். ஒவ்வொன்றின் மேலும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள்; உறைந்த பிறகு வத்தக்குழம்பும் மசாலாவும் ஒரே நிறம்தான்.

எடுப்பதிலும் இதே கவனம் வேண்டும். முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடலாம். மறந்துவிட்டால் உறைந்த கட்டியை அப்படியே பாத்திரத்தில் போட்டு, கொஞ்சம் நீர் விட்டு, மூடி, சிறு தீயில் உருக்கிக் கொதிக்கவிடலாம். காலையில் மேடையில் எடுத்து வைத்துவிட்டு மாலையில் வந்து சூடுபடுத்துவது மட்டும் கூடாது. ஓரத்தில் குமிழி வந்ததும் இறக்கிவிடாமல், கிளறிவிட்டு நடுப்பகுதியும் நன்றாகச் சூடேறும்வரை, அதாவது குறைந்தது 74 டிகிரியை எட்டும்வரை சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது என்பதால் பாதியில் நிறுத்திக் கிளறுவது கட்டாயம். ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் உறையவைக்க வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் உள்ள வீடுகளில் இந்த விதிகளில் எந்தத் தளர்வும் வேண்டாம்.

மின்தடை ஒரு தனிக் கவலை. நிரம்பிய ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்பது தனி ஃப்ரீசர்களுக்கான கணக்கு. ஒற்றைக்கதவுப் பெட்டியின் சின்ன அறையிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், ஒரு சிறு கிண்ணத்தில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பெரிய தடை எதுவும் நேரவில்லை என்று பொருள். அது கிண்ணத்தின் அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. வாசனை நன்றாக இருந்தாலும், அம்மா போன மாதம் வந்து செய்து வைத்துவிட்டுப் போன மீன்குழம்பாகவே இருந்தாலும், சமைத்த உணவு முழுவதையும் கொட்டிவிடுங்கள்.