அடிப்பவன் வெளியேற வேண்டும்: அயர்லாந்துச் சட்டம் அந்த இடத்துக்கு வந்த விதம்

அடிக்கும் கணவனை வீட்டிலிருந்து வெளியேற்றும் ‘பாரிங் ஆர்டர்’ அயர்லாந்தில் 1976-இல்தான் சட்டமானது. அதுவரை அடி தாங்காதவள்தான் பிள்ளைகளோடு வெளியேறினாள்.

இங்கிலாந்தின் 1857 விவாகரத்துச் சட்டம் அயர்லாந்துக்கு நீட்டிக்கப்படவில்லை. விவாகரத்து வேண்டுமென்றால் லண்டன் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற வேண்டும். அப்படிப் பெற்ற முதல் அயர்லாந்துப் பெண் லூயிசா வெஸ்ட்ராப், 1886-இல். விடுதலைக்குப் பின் 1925-இல் அந்த வழியும் அடைபட்டது. 1937 அரசியலமைப்பு விவாகரத்தையே தடை செய்தது. எஞ்சியது நீதிமன்றம் தரும் மணப்பிரிவு, அதாவது விவாகரத்து இல்லாமல் கணவன் மனைவி தனித்து வாழ்வது. மறுமணம் கிடையாது, வழக்கு உயர் நீதிமன்றத்தில் மட்டும்.

அதற்கு என்ன செலவு? கார்க் நகரத்து ஜோசி ஏரியின் வழக்கு அதைக் கணக்குப் போட்டே காட்டியது. அவரைத் தாக்கியதற்காகக் கணவருக்கு 1972-இல் அபராதம் விதிக்கப்பட்டது. பிரிவு வழக்குக்கு எதிர்ப்பு இல்லாவிட்டால் 500 முதல் 700 பவுண்டு, எதிர்த்தால் 800 முதல் 1,200. 1978 டிசம்பரில் ஏரியின் கைக்கு வந்த வாரக் கூலி 39.99 பவுண்டு. ‘வக்கீல் இல்லாமல் தானே வாதாடலாமே’ என்றது அரசு. 1972 முதல் 1978 வரை தொடுக்கப்பட்ட 255 பிரிவு வழக்குகளில் ஒன்றில்கூட மனுதாரர் வக்கீல் இல்லாமல் வந்ததில்லை. 1979 அக்டோபர் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏரியின் பக்கம் தீர்ப்பளித்தது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, கைக்கு எட்ட வேண்டும் என்பதே அதன் சாரம். குடும்ப வழக்குகளுக்கு அரசின் இலவச சட்ட உதவி அதன் பிறகே வந்தது.

1976-இன் பாரிங் ஆர்டருக்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஆயுள் மூன்றே மாதம். அவன் திரும்பி வர அது போதும். 1981-இல் ஓராண்டு, 1996-இல் மூன்றாண்டு என்று நீண்டது. திருமணத்துக்குள் வன்புணர்வு 1990-இல்தான் குற்றமானது. விவாகரத்துத் தடை 1995 பொது வாக்கெடுப்பில் வெறும் 9,114 வாக்கு வித்தியாசத்தில் விலகியது.

இன்றைய நடைமுறை 2019 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி நடக்கிறது. மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. ‘சேஃப்டி ஆர்டர்’ கணவனை வெளியேற்றாது; மிரட்டவோ அடிக்கவோ கூடாது என்று தடுக்கும், ஐந்தாண்டு வரை. பாரிங் ஆர்டர் வெளியேற்றும். விசாரணை வரும்வரை காக்க ‘ப்ரொடெக்‌ஷன் ஆர்டர்’ உண்டு; மனுவோடு சேர்த்து அதையும் கேளுங்கள். அவன் உடனே வெளியேறியே ஆக வேண்டும் என்ற நிலையில் இடைக்கால பாரிங் ஆர்டர் கேட்கலாம். அவன் தரப்பைக் கேளாமல் கொடுத்தால் அது எட்டு வேலை நாள்தான் செல்லும். ஆணையை மீறினால் 12 மாதம் வரை சிறை.

பலர் தவறுவது இங்கே: ஆணை கையில் வந்ததும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது கணவனுக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகே அவனைக் கட்டுப்படுத்தும். நகலை எப்போதும் கைவசம் வையுங்கள். கார்டா, அதாவது அந்நாட்டுக் காவல்துறை, வந்தால் முதலில் காட்ட வேண்டியது அதுதான்.

அடுத்தது, காயம் இல்லாததால் வழக்கு இல்லை என்ற எண்ணம். போனைச் சோதிப்பது, சம்பளத்தைப் பிடுங்குவது, உறவினரிடமிருந்து பிரிப்பது போன்றவை தொடர்ந்து நடந்து கடும் பாதிப்பை உண்டாக்கினால், அது ‘கொயர்சிவ் கன்ட்ரோல்’ என்ற குற்றம். ஐந்தாண்டு வரை தண்டனை. தொடர்ந்து நடந்ததை நிரூபிக்க வேண்டும் என்பதால் தேதி போட்ட குறிப்பு முக்கியம். அதை அவன் பார்க்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும்.

வீடு கணவன் பெயரில் இருந்தாலும் மனைவி பாரிங் ஆர்டர் கேட்கலாம். மணமாகாமல் சேர்ந்து வாழ்பவருக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் துணைவனுக்குச் சமமான பங்காவது இல்லையென்றால், அவனை வெளியேற்றக் கிடைப்பது எட்டு வேலை நாள் அவசர ஆணை மட்டுமே. அடுத்ததை ஒரு மாதம் கழித்தே கேட்க முடியும். ஆகவே அந்த எட்டு நாளுக்குள் சேஃப்டி ஆர்டர் மனுவைப் போட்டு, கூடவே ப்ரொடெக்‌ஷன் ஆர்டரும் வாங்கிவிடுங்கள்.